மட்பாண்டச் சக்கரம் பழுதானால் வீட்டிலேயே திருத்துவது எப்படி: மேலிருந்து கீழே ஒரு முழு வழிகாட்டி

கார்த்திகை மழை முழுக்க என் சக்கரம் பின் விறாந்தையில் தறப்பாள் போர்த்திக் கிடந்தது. மார்கழி பிறந்ததும், பொங்கலுக்கு முன் நாலு பானையாவது செய்து பார்ப்போம் என்று சுவிச்சைப் போட்டால், மா அரைக்கிற மில் மாதிரி ஒரு சத்தம். மண் வைக்கிற தட்டு ஒரு பக்கம் ஏறி இறங்குகிறது. ஒரு கிலோ மண்ணைக்கூட நடுவுக்குக் கொண்டுவர முடியவில்லை.

மோட்டர் போய்விட்டது என்று உடனே முடிவு கட்டினேன். அதைக் கழற்றி, மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டி, வைண்டிங் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் மேசையில் வைத்துக் கரண்ட் கொடுத்தார். ஒரு நிமிடம் காதைச் சாய்த்துக் கேட்டார். "அண்ணை, இது நல்லாத்தானே ஓடுது. நீங்கள் மற்றதையெல்லோ கொண்டு வந்திருக்க வேணும்" என்றார்.

மற்றது என்றால் சக்கரம். தட்டைச் சுழற்றும் தண்டைத் தாங்குகிற மேல் பெயாரிங்குக்குள் சேற்றுத் தண்ணீர் இறங்கித் துருப்பிடித்திருந்தது. மோட்டரில் ஒரு குறையும் இல்லை. அதனால் இந்த வழிகாட்டி தட்டில் தொடங்கி, பெயாரிங், தண்டு, பெல்ட், மிதி என்று கீழே இறங்கி, மோட்டரில் முடிகிறது. நீங்களும் இதே வரிசையில் போங்கள். பாதி வழியிலேயே பழுது அகப்பட்டுவிடும்.

இங்கே சொல்வதெல்லாம் பெல்ட்டில் ஓடும் மின்சாரச் சக்கரத்துக்கு. தட்டு 25 முதல் 30 சென்ரிமீற்றர், மோட்டர் 250 முதல் 400 வாற், வேகத்துக்கு ஒரு கால்மிதி: வீட்டில் வைத்துச் செய்பவர்களிடம் பெரும்பாலும் இருப்பது இதுதான். காலால் உதைத்துச் சுற்றும் சக்கரம் வைத்திருப்பவர்களுக்குக் கடைசிக்குக் கிட்டக் கொஞ்சம் சொல்லியிருக்கிறேன்.

தொடுவதற்கு முன்

பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். சுவிச்சை மட்டும் நிறுத்திவிட்டு வேலை செய்யாதீர்கள். கழற்றிய பிளக்கை உங்கள் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வையுங்கள். அப்படியென்றால் வீட்டில் யாரும் "ஏன் இது கழன்று கிடக்கு" என்று திரும்பச் செருக மாட்டார்கள்.

பிளக்கைக் கழற்றினாலும் வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் மின்சாரம் மிச்சம் இருக்கும். எங்கள் வீட்டு 230 வோல்ட்டை நேர்மின்சாரமாக மாற்றினால் உள்ளே இருக்கும் கப்பாசிற்றரில் 325 வோல்ட் வரை தேங்கும். குறைந்தது ஐந்து நிமிடம் விடுங்கள். பெட்டியைத் திறக்கத்தான் வேண்டுமென்றால், மல்டிமீற்றரால் அளந்து, வோல்ட் விழுந்துவிட்டதா என்று பார்த்த பிறகே கையை வையுங்கள். மல்டிமீற்றர் பழக்கம் இல்லாதவர்கள் இந்தப் பெட்டியைத் திறக்காமல் தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது. மற்ற வேலை எல்லாவற்றையும் நீங்களே செய்யலாம்.

இன்னொன்று, உள்ளே காய்ந்து கிடக்கும் மண் தூசியை ஊதாதீர்கள், காற்றடிக்கும் பம்பாலும் அடிக்காதீர்கள். அதில் சிலிக்கா இருக்கிறது. நெஞ்சுக்குள் போனால் வெளியே வராது. மாஸ்க் போட்டு, ஈரத் துணியால் துடைத்து எடுங்கள்.

சாமான்கள் பெரிதாகத் தேவையில்லை. ஸ்பனர் செற், அலன் கீ செற், திருப்புளி, மரச் சுத்தியல், ஒரு மல்டிமீற்றர், கொஞ்சம் கிறீஸ், ஒரு பழைய சைக்கிள் கம்பி. கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழன்ற நட், வாஷர் எல்லாவற்றையும் ஒரு சிரட்டைக்குள் போடுங்கள். எங்கள் வீட்டில் கோழி ஒன்று ஒரு வாஷரைக் கொத்திக்கொண்டு போன கதையும் உண்டு.

காது, கை, ஒரு செங்கல்

முதலில் பெல்ட்டைக் கழற்றுங்கள். இந்த ஒரு வேலையே பழுதைப் பாதியாகக் குறைத்துவிடும். பெல்ட் இல்லாமல் தட்டைக் கையால் சுழற்றினால் சத்தம் வருகிறதா? அப்படியானால் பழுது பெயாரிங்கிலோ தண்டிலோ இருக்கிறது. தட்டு சத்தமில்லாமல், வழுக்கிக்கொண்டு சுற்றி நின்றால், பெல்ட், மிதி, மோட்டர் பக்கம் போகலாம்.

எங்கே சத்தம் என்று பிடிக்கப் பெரிய திருப்புளி ஒன்று போதும். அதன் நுனியைப் பெயாரிங்கைப் பிடித்திருக்கும் கூட்டில் அழுத்தி, பிடியைக் காதோடு வைத்து, மற்றக் கையால் தட்டைச் சுழற்றுங்கள். நல்ல பெயாரிங் மெல்லிய இரைச்சலோடு ஓடும். கெட்டது மணலை மென்றமாதிரி நறநறக்கும். மேல் பெயாரிங்கிலும் கீழ்ப் பெயாரிங்கிலும் மாறி மாறிக் கேட்டால் எது குற்றவாளி என்று தெரிந்துவிடும். மேலேயுள்ளதுதான் முதலில் போகும், தண்ணீர் இறங்குகிற வழி அதுதானே.

அடுத்து ஆட்டம். தட்டின் இரண்டு எதிர்ப் பக்கங்களையும் பிடித்து, ஒரு பக்கம் அழுத்தி மறுபக்கம் தூக்குங்கள். டக், டக் என்று கைக்குத் தட்டுப்பட்டால் பெயாரிங் தேய்ந்திருக்கிறது, அல்லது அதைப் பிடிக்கும் போல்ட் தளர்ந்திருக்கிறது. போல்ட்டை முதலில் இறுக்கிப் பாருங்கள். சில பேர் இந்த இடத்திலேயே வேலையை முடித்துக்கொண்டு மண் பிசையப் போயிருக்கிறார்கள்.

கையால் ஆட்டினால் ஆடவில்லை, ஆனால் சுற்றும்போது தட்டு ஏறி இறங்குகிறது என்றால் செங்கல்லை எடுங்கள். தட்டுக்குப் பக்கத்தில் செங்கல்லை வைத்து, அதன் மேல் ஒரு உருண்டை மண் ஒட்டி, அதில் சைக்கிள் கம்பியைக் குத்துங்கள். கம்பி நுனி தட்டின் மேற்பரப்புக்கு மயிரிழை தூரத்தில் நிற்கட்டும். தட்டை மெதுவாகக் கையால் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். ஒரு பக்கம் கம்பியை உரசும், எதிர்ப் பக்கம் இடைவெளி விடும். இடைவெளிக்குள் விசிட்டிங் கார்ட்டைச் செருகிப் பாருங்கள். மூன்று கார்ட் சேர்ந்தால் ஏறத்தாழ 1 மில்லிமீற்றர். அதற்குள் அடங்கினால் கவலைப்பட வேண்டாம். மண்ணை நடுவுக்குக் கொண்டுவர உங்கள் கைக்கு அது தடையாக இருக்காது.

அதற்கு மேல் என்றால், கம்பியைத் தட்டுக்குக் கீழே, தண்டை ஒட்டி வைத்து அதே சோதனை. தண்டும் சேர்ந்து ஆடினால் தண்டு வளைந்திருக்கிறது. தண்டு நேராகச் சுற்ற, தட்டு மட்டும் ஆடினால், தட்டு உட்காரும் இடத்தில் காய்ந்த மண்ணோ துருவோ இருக்கிறது, அல்லது தட்டே வளைந்திருக்கிறது.

தட்டைக் கழற்றுவது

இதில் நான் அரை நாள் தொலைத்தேன். தட்டு வர மறுத்தது. மண்ணெண்ணெயும் எஞ்சின் ஒயிலும் சம அளவில் கலந்து ஊற்றி, இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் மரக்கட்டை வைத்துத் தட்டினேன். அசையவில்லை. பிறகு தட்டின் கழுத்தில் ஒட்டியிருந்த மண்ணை ஈரத் துணியால் துடைத்தபோதுதான், அங்கே ஒரு சின்ன அலன் ஸ்குரூ மண்ணுக்குள் புதைந்து, தண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்ததைக் கண்டேன். அரைச் சுற்றுத் திருப்பியதும் தட்டு கையோடு வந்தது.

ஆகவே முதலில் கழுத்தைச் சுத்தம் செய்து பாருங்கள். ஸ்குரூ இருந்தால் தளர்த்துங்கள். இல்லாவிட்டால் தட்டு மரையில் ஏறியிருக்கும், அல்லது கூம்பான தண்டில் இறுகி உட்கார்ந்திருக்கும். கூம்பில் இருப்பதற்குக் கீழிருந்து மரக்கட்டையால் சுற்றிச் சுற்றித் தட்ட வேண்டும், ஒரே பக்கத்தில் தட்டினால் வளைந்துவிடும். இரும்புச் சுத்தியலால் தண்டின் தலையில் நேராக அடிக்கவே வேண்டாம். தலை விரிந்தால் தட்டு திரும்ப ஏறாது, கீழே பெயாரிங்கும் சேதமாகும்.

தட்டு வந்ததும் அது உட்காரும் இடத்தைத் துருப் போகத் தேய்த்து, மெல்லிய கிறீஸ் பூசி, திரும்பப் போட்டு, செங்கல் சோதனையை இன்னொரு தடவை செய்யுங்கள். இதோடு ஆட்டம் தீர்ந்துவிடுவதும் உண்டு.

பெயாரிங் மாற்றுவது

பெயாரிங்கின் பக்கத்தில் ஒரு இலக்கம் குத்தியிருக்கும், 6204, 6205 என்று. கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள் துவாரத்தின் அளவு மில்லிமீற்றரில் வரும். 04 என்றால் 20, 05 என்றால் 25. இலக்கம் துருவில் அழிந்திருந்தாலும் தண்டை அளந்து கண்டுபிடிக்க இது உதவும். ஆனால் உள்ளளவு ஒன்றாக இருந்தாலும் வெளியளவும் தடிப்பும் மாறலாம். 6204 என்றால் வெளியே 47, தடிப்பு 14 மில்லிமீற்றர். பழையதைக் கையோடு கொண்டுபோவதே நல்லது. கூட்டோடு சேர்ந்த வகை என்றால் கூட்டின் மேல் யூசிபி 204 என்கிற மாதிரி எழுதியிருக்கும், கூட்டோடேயே மாற்றிவிடலாம்.

யாழ்ப்பாணத்தில் இந்தச் சாமானுக்கு அலையத் தேவையில்லை. கிணற்றில் தண்ணீர் இறைத்துத் தோட்டம் செய்கிற ஊர் இது. வெங்காயமும் புகையிலையும் விளைகிற இடமெங்கும் பம்பு இருக்கிறது, பம்பு இருக்கிற இடத்தில் பெயாரிங் விற்கிறவரும் மோட்டர் சுற்றுகிறவரும் இருப்பார்கள். கடையில் மறக்காமல் 2ஆர்எஸ் என்று கேளுங்கள். இரண்டு பக்கமும் றப்பர் மூடியது என்று பொருள். இசெட்இசெட் என்று கொடுப்பது தகர மூடி. தூசியைத் தடுக்கும், சேற்றுத் தண்ணீரை உள்ளே விட்டுவிடும். எங்கள் வேலையில் சேறுதான் எதிரி.

பழையதைக் கழற்ற மோட்டார் சைக்கிள் கராஜில் புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) இரவல் கேளுங்கள். புதியதை ஏற்றும்போதுதான் கவனம் வேண்டும். பெயாரிங்கின் எந்த வளையம் இறுகப் போகிறதோ அந்த வளையத்தில் மட்டும் விசை விழ வேண்டும். தண்டில் ஏற்றும்போது உள் வளையத்தில் தட்டுங்கள், கூட்டுக்குள் இறக்கும்போது வெளி வளையத்தில். மாற்றித் தட்டினால் அடி முழுக்கக் குண்டுகளின் வழியாகப் போகும். குண்டு ஓடும் தடத்தில் கண்ணுக்குத் தெரியாத பள்ளம் விழும். புதுப் பெயாரிங்கே மூன்றாம் நாள் பழையபடி கத்தத் தொடங்கும். தண்டில் ஏற்ற, உள் வளையத்தில் மட்டும் முட்டுகிற அளவில் ஒரு துண்டு இரும்புக் குழாய் தேடி எடுங்கள். கூட்டுக்குள் இறக்கப் பழைய பெயாரிங்கையே மேலே வைத்துத் தட்டலாம்.

இன்னும் சுலபமான வழியும் இருக்கிறது. தண்டைத் துடைத்து, பொலித்தீனில் இறுகச் சுற்றி, ஒரு இரவு பிரிட்ஜின் ஐஸ் பெட்டியில் வையுங்கள். புதுப் பெயாரிங்கை மத்தியான வெயிலில் ஒரு தகரத்தின் மேல் வையுங்கள். குளிர்ந்த தண்டு சுருங்கும், சூடான வளையம் விரியும், இரண்டு மூன்று தட்டில் ஏறிவிடும். எங்கள் வீட்டு ஐஸ் பெட்டியில் தண்டு ஒரு பாரை மீனுக்குப் பக்கத்தில் படுத்திருந்தது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை, மறுநாள் காலை எனக்குத் தேநீரும் தரவில்லை.

தண்டு தேய்ந்திருந்தால்

பழைய பெயாரிங் இருந்த இடத்தில் தண்டைப் பாருங்கள். கண்ணாடி மாதிரி பளபளத்து, நகத்தால் தடவினால் ஒரு படி தட்டுப்பட்டால், வளையம் தண்டின் மேலேயே வழுக்கிச் சுற்றியிருக்கிறது. இதில் புதுப் பெயாரிங் போட்டாலும் பயனில்லை. சோடாக் கான் தகட்டை வெட்டிச் சுற்றி ஏற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு பொங்கலுக்குத் தாங்கும், அடுத்த பொங்கலுக்குத் தாங்காது. லேத் பட்டறையில் கொடுத்தால் தேய்ந்த இடத்தை வெல்டிங்கால் நிரப்பிக் கடைந்து தருவார்கள், அல்லது புதுத் தண்டே கடைவார்கள். புதுப் பெயாரிங்கையும் கூடக் கொண்டுபோங்கள், அதற்கு அளவாகக் கடையட்டும். வளைந்த தண்டை வீட்டில் நிமிர்த்த முயல வேண்டாம்.

பெல்ட்

வேகமாக ஓடும்போது சரியாக இருந்து, மண்ணில் கையை அழுத்தியதும் தட்டு மட்டும் நின்று மோட்டர் தொடர்ந்து ஓடினால் பெல்ட் வழுக்குகிறது. பெல்ட்டைத் திருப்பி உள்பக்கம் பாருங்கள். வெடிப்போ, கண்ணாடிப் பளபளப்போ இருந்தால் மாற்றுங்கள். சும்மா சேறு பட்டது என்றால் ஈரத் துணியால் துடைத்துக் காய வைத்தாலே போதும். பிடிக்கவேண்டும் என்று அதில் எதையும் பூசாதீர்கள்.

வீ வடிவப் பெல்ட்டில் ஏ-36 என்று எழுதியிருந்தால் ஏ என்பது 13 மில்லிமீற்றர் அகலத்தையும் 36 என்பது உள்சுற்று அங்குலத்தையும் குறிக்கும். அறுந்து எழுத்தும் அழிந்திருந்தால் இரண்டு கப்பியையும் சுற்றி ஒரு நூலைக் கட்டி அளந்து கொண்டுபோங்கள்.

பூட்டும்போது இரண்டு கப்பியும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். பெரிய கப்பியின் முகத்தில் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் சின்னக் கப்பியின் முகத்தையும் அது தொட வேண்டும் (இரண்டின் விளிம்புத் தடிப்பும் ஒன்றாக இருந்தால்). இறுக்கம் பெருவிரலால் பார்ப்பது: இரண்டு கப்பிக்கும் நடுவில் அழுத்தினால், 10 சென்ரிமீற்றர் இடைவெளிக்கு ஒன்றரை மில்லிமீற்றர் அளவில் பெல்ட் உள்ளே போகட்டும். வழுக்குகிறது என்று வீணைத் தந்தி மாதிரி இறுக்கினால் மோட்டர் பெயாரிங்கும் தண்டுப் பெயாரிங்கும் இரண்டுமே சீக்கிரம் போகும்.

உள்ளூரில் செய்வித்த சக்கரம் வைத்திருப்பவர்கள் கப்பி மாற்றும்போது கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். நாலு காந்த முனை உள்ள மோட்டர் எங்கள் 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1440 தடவை சுற்றும். மோட்டரில் 2 அங்குலம், தண்டில் 14 அங்குலம் என்றால் தட்டு 205 தடவை சுற்றும், அது போதும். அதே இடத்தில் தண்ணீர்ப் பம்பு மோட்டரைப் பூட்டினால், அது பெரும்பாலும் இரண்டு முனை, 2900க்குக் கிட்டச் சுற்றுவது. தட்டு 400ஐத் தாண்டிவிடும். மண் சுவரில் இருக்கும்.

மிதி

மிதியை மெதுவாக அழுத்த, வேகம் மெதுவாகக் கூடாமல் திடீரென்று பாய்ந்தால், அல்லது காலை எடுத்த பிறகும் தட்டு ஊர்ந்துகொண்டிருந்தால், மிதிக்குள் இருக்கும் பொட்டென்ஷியோமீற்றரில் பழுது. பழைய ரேடியோவில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற அதே சாமான்தான். ரேடியோ கரகரக்கிற மாதிரி இதுவும் தூசி பட்டால் உளறும். கொன்ராக்ட் கிளீனர் அடித்து, இருபது முப்பது தடவை அங்குமிங்கும் திருப்புங்கள். சரிவரவில்லையென்றால் மல்டிமீற்றரை ஓம் பக்கம் போட்டு, நடுக் காலிலும் ஓரக் காலிலும் வைத்து மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். எண் சீராக ஏற வேண்டும். நடுவில் துள்ளினால் அதே பெறுமதியில் புதியது போடுங்கள். 5கே, 10கே என்று முதுகில் எழுதியிருக்கும்.

கடைசியாக மோட்டர்

கார்பன் பிரஷ் உள்ள மோட்டர் என்றால் உடலின் இரு பக்கமும் காசு அளவில் இரண்டு மூடி இருக்கும். ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். வந்த பக்கத்தைக் குறித்து, அதே பக்கமாகவே திரும்பப் போட வேண்டும். கார்பன் 6 மில்லிமீற்றருக்குக் கீழே தேய்ந்திருந்தால் இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள். கார்பன் உரசுகிற செப்புப் பகுதி கறுத்திருந்தால் நயமான சான்ட் பேப்பரால் மெல்லத் துடையுங்கள். எமரித் தாள் வேண்டாம், அதன் துகள் செப்பில் ஒட்டிக்கொள்ளும்.

பிரஷ் இல்லாத ஏசி மோட்டர் 'ம்ம்' என்று முனகிக்கொண்டு சுற்றாமல் நின்றால், உடனே நிறுத்துங்கள். பெரும்பாலும் கப்பாசிற்றர் போயிருக்கும். வைண்டிங் கடையில் அதே பெறுமதியில் மாற்றித் தருவார்கள். எரிந்த வாடை வந்தால் மட்டும் சுருள் போயிருக்கிறது, அப்போது கடைக்கே கொண்டுபோகலாம்.

சக்கரத்தைப் போட்டதும் வீட்டு ட்ரிப் சுவிச் விழுந்தால், எங்கோ ஈரம் பட்டுக் கசிகிறது. ட்ரிப் சுவிச்சைக் குறுக்கால் இணைத்துவிட்டு ஓட்டுகிறவர்கள் உண்டு. ஈரக் கையோடு, இரும்பு உடலுக்கு முன்னால் உட்கார்ந்து செய்கிற வேலை இது, விளையாட்டு இல்லை. பிளக்கின் எர்த் காலுக்கும் சக்கரத்தின் இரும்புக்கும் இடையே தொடர்பு இருக்கிறதா என்று மல்டிமீற்றரால் பாருங்கள். 13 அம்பியர் பிளக்குக்குள் 3 அம்பியர் பியூஸ் இந்த அளவு மோட்டருக்குப் போதும்.

பூட்டி ஓட்டிப் பார்ப்பது

மண் இல்லாமல் பத்து நிமிடம் ஓடவிடுங்கள், முதலில் மெதுவாக, பிறகு முழு வேகத்தில். நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, பெயாரிங் கூட்டைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் பெல்ட் அதிகம் இறுகியிருக்கிறது அல்லது பெயாரிங் கோணலாக ஏறியிருக்கிறது. பிறகு ஒரு கிலோ மண். அதை நடுவுக்குக் கொண்டுவந்து, ஊசியால் பக்கத்தில் ஒரு கோடு கீறுங்கள். கோடு முழுச் சுற்றும் ஒரே ஆழத்தில் விழுந்தால் சக்கரம் சரி. பிறகு மூன்று கிலோவில் அதே சோதனை. ஒரு கிலோவில் தெரியாத பெல்ட் வழுக்கல் மூன்றில் வெளியே வரும்.

காற்சக்கரம் வைத்திருப்பவர்களுக்கு

பெயாரிங் பகுதி உங்களுக்கும் அப்படியே பொருந்தும். கூடுதலாகப் பார்க்க வேண்டியது கீழே இருக்கும் பாரச் சக்கரத்தின் சமநிலை. சீமெந்தில் வார்த்ததில் ஒரு துண்டு உடைந்து விழுந்தால் முழுச் சக்கரமும் குலுங்கும். தண்டோடு அதைக் கழற்றி, தண்டை இரண்டு மேசைகளின் விளிம்பில் படுக்கையாக வைத்து உருளவிடுங்கள். பாரமான பக்கம் எப்போதும் கீழே வந்து நிற்கும். எதிர்ப் பக்கத்தில் ஈர மண்ணை ஒட்டி ஒட்டி, எங்கே விட்டாலும் அங்கேயே நிற்கும் வரை பாருங்கள். பிறகு அந்த மண்ணை நிறுத்து, அதே நிறைக்குச் சீமெந்தோ இரும்போ பூட்டுங்கள்.

உப்புக் காற்றும் சவர்த் தண்ணீரும்

கடற்காற்று எங்கும் அடிக்கிற ஊர். அதோடு பல கிணறுகள் சவர். சவர்த் தண்ணீரில் சக்கரத்தைக் கழுவிவிட்டு அப்படியே விட்டால் இரும்பு துருப்பிடிக்கும், அலுமினியத் தட்டிலும் புள்ளி புள்ளியாகக் குழி விழும். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் ஒரு தடவை துடையுங்கள். தட்டைச் சுற்றிச் சேறு பிடிக்கிற சேற்றுத் தட்டத்தைக் கழற்றி, தண்டின் கழுத்தைப் பாருங்கள். நீர் இறங்கிய கறை இருந்தால், சைக்கிள் ரியூப்பில் ஒரு வட்டம் வெட்டி, தண்டில் இறுக்கமாகக் குடை மாதிரி மாட்டிவிடுங்கள். வழிகிற தண்ணீர் பெயாரிங்குக்கு வெளியே சொட்டும். என்னுடையதில் அந்த ரியூப் வட்டம் பெயாரிங் மாற்றிய அன்றே ஏறியது. மழைக்கு மூடி வைப்பதானால் தண்டிலும் தட்டின் அடியிலும் எஞ்சின் ஒயிலை மெல்லியதாகப் பூசி, பெல்ட்டைத் தளர்த்தி வையுங்கள். தறப்பாளைத் தரை வரை இறுகக் கட்ட வேண்டாம், உள்ளே வியர்க்கும். நான் விட்ட பிழை அதுதான்.

தொண்ணூறுகளில் கரண்ட் இல்லாமல், சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட ஊரில், இப்படி ஒரு றப்பர் வட்டம் வெட்டிப் போடுவதை யாருக்கும் சொல்லித் தரத் தேவையில்லை. ஆனாலும் சேற்றுத் தட்டத்துக்கு அடியில், மார்க்கரால் பெயாரிங், பெல்ட், கார்பன் இலக்கங்களையும் மாற்றிய தேதியையும் எழுதி வையுங்கள். அடுத்த தடவை கடைக்காரர் "எந்தச் சைஸ் அண்ணை" என்று கேட்கும்போது, என்னை மாதிரி மோட்டரைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்காது.